கொசுறு

பதினான்காம் நம்பர் பைக்குள் இருப்பது
என்னுடைய அறுபது சென்ட்.
ஃபர்ஹானா எவர்சில்வர் கரண்டியால்
ஒரு சாண் ஆழம் தோண்டி
பாயசம் மொள்வதுபோல் மொண்டுகொண்டு போனாள்.
காலேஜ் பெண், மணலிக்குப் புதுசு.
துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டபடி
"பயிர் நல்லாத்தான் இருக்கு அக்கா" என்றாள்.
நல்லாத்தான் இருந்தது.
இலையில் ஓட்டை இல்லை, மஞ்சள் இல்லை,
அந்த வருஷம் பூச்சிகூடக் குறைவு.
அதை நான் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.

பின்வேலிக்கு அந்தப் பக்கம்
பழைய பேட்டரி உருக்கிய கொட்டகை.
ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டுவார்கள்.
விடிந்தால் நாக்கில் ஏதோ ஒட்டியிருக்கும்,
இனிப்பா துவர்ப்பா, தெரியாது.
பூட்டி மூன்று வருஷம்.
தகரத்தைக்கூட எடைக்குப் போட்டாயிற்று.
போர்டில் இருந்த போன் நம்பரை
இப்போது ஒரு பல் டாக்டர் எடுக்கிறார்.

மாசியில் காகிதம் வந்தது.
ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராம்.
நான் கட்டுக் கணக்கில் பிழைப்பவள்,
கட்டுக்கு எத்தனை என்று கேட்டேன்.
"ஈயம் அக்கா" என்றாள்.
காதில் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று
கேள்விப்பட்டிருக்கிறேன்.
இவள் ஆறவைத்து ஊற்றினாள்,
சொட்டுக்கு ஒரு அக்கா போட்டு.

கழுவினால்?
மேலே இருக்கிற தூசி போகும்.
வேகவைத்தால்?
அது வேகாது அக்கா.

மூணாவது தெரு ரெஜினா
தை பிறந்ததிலிருந்து தினம் வந்தாள்.
மகளுக்கு ஏழாம் மாசம், ரத்தம் குறைவு,
டாக்டரம்மா இரும்புச் சத்து என்றாராம்.
ஒரு கட்டு முளைக்கீரை, ஒரு கட்டு அரைக்கீரை.
மேலே ஒரு கைப்பிடி நானாகவே வைப்பேன்.
பிள்ளைத்தாச்சிக்குப் போய்க் கணக்குப் பார்ப்பதா?

இரும்பு கேட்டவளுக்கு
கொசுறாய் ஈயம் கொடுத்திருக்கிறேன்,
நாற்பது நாள்,
சிரித்த முகத்தோடு.

அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன்.
செருப்பைக் கழற்றாமல், வாசலில் நின்று.
ரெஜினா திட்டவில்லை.
உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.
தாளிச்ச பூண்டு வாசனை
எனக்கும் அவளுக்கும் நடுவே
கொஞ்ச நேரம் நின்றது.
கதவு சாத்துகிற சத்தம்கூட மெதுவாகத்தான் வந்தது.

சூரியகாந்தி போடச் சொன்னாள் ஃபர்ஹானா.
மண்ணிலிருந்து உறிஞ்சுமாம். கொஞ்சம் கொஞ்சமாக.
எத்தனை போகம் என்றேன்.
பை ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

வைகாசியில் மொத்தமும் பூத்தது.
நாற்பது அடி ரோட்டில் போகிற டேங்கர் லாரிக்காரன்
வண்டியை ஓரம்கட்டி
பூவோடு நின்று போட்டோ எடுத்தான்.
அறுபது சென்ட்டில் எனக்கு
ஒரு கட்டு விற்க இல்லை,
இவ்வளவு அழகு மட்டும் இருந்தது.

அப்புறம் கிளிகள்.
ஃபேக்டரி மதில் தாண்டி எங்கிருந்தோ வந்தன.
விதை பால் பிடிக்கிற நேரம்.
தட்டைத் தட்டித் தட்டி ஓடினேன் வரப்பெல்லாம்.
காவல் காத்தவள்தான் நான், இருபது வருஷமாக,
என் பயிரைத் தின்றுவிடுவார்களே என்று.
இந்தத் தடவை
தின்பவர்களுக்காகக் காவல்.
மூன்றாம் நாள் பொறுக்காமல்
பூவோடு அறுத்துவிட்டேன்.

பதினோரு மூட்டை.
மாடு தின்னக்கூடாது. எரிக்கக்கூடாது.
உரக்குழிக்குப் போகக்கூடாது.
காலையில் குப்பை வண்டி வந்ததும்
முதல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.
குணசீலன் அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு
வழக்கமாய்க் கேட்பதைக் கேட்டார்:
"மக்குறதா, மக்காததா?"

பச்சைத் தொட்டியும் இருந்தது, நீலத் தொட்டியும் இருந்தது.
பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.

செடி மக்கும் என்றேன்.

மீதியையும் சொல்லட்டும் என்று
அவர் கையை நீட்டியபடியே நின்றார்.