உச்சரிக்காத எழுத்து

ஆரம்பாக்கத்தில், டயர் கடை மாடியில்,
ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன்.
பெங்களூரிலிருந்து வரும் பாடத்திட்டத்தில்
அக்டோபர் கடைசி வாரத்துக்கு
ஹாலோவீன் என்று போட்டிருக்கிறது.
செயல்பாடு ஒன்று: பூசணியில் முகம் செதுக்குதல்.
செயல்பாடு இரண்டு: மாறுவேடம்.
மாணவர்கள் இலையுதிர்காலக் குளிரை
உணரும்படி செய்யவும் என்று அடிக்குறிப்பு வேறு.
வெளியே ஐப்பசி மழை
தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.
ஒரு இலையும் உதிர்வதாயில்லை.

மாறுவேடத்துக்கு வந்து சேர்ந்தவை:
கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட ஒரு வேட்டி,
அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
ஸ்ரீசிட்டி கம்பெனியின் நீலத் தலையுறை,
நைட் ஷிப்ட் முடிந்து அக்கா தூங்கும்போது எடுத்தது.
முகம் முழுக்க பவுடர், மூன்று பேர்.

பரங்கிக்காயை நான்தான் வாங்கினேன்,
சூளூர்ப்பேட்டை சந்தையில்.
பரங்கியர் பண்டிகைக்குப் பரங்கிக்காய்.
'கும்மடிக்காய், மிஸ்' என்றாள் லிகிதா.
'அதான் கும்மிடிப்பூண்டி' என்றான் அமுதவாணன்.
தப்பு என்று சொல்ல
என்னிடம் ஆதாரம் இல்லை.

கோஸ்ட் என்று பலகையில் எழுதினேன்.
ஜி, எச், ஓ, எஸ், டி.
'எச் எதுக்கு?'
'இருக்கும். பேசாது.'
'அப்ப அதுதான் மிஸ் பேய்'
என்றான் மல்லேசு, கடைசி பெஞ்சிலிருந்து.
பாடத்திட்டத்தில் இல்லாத வரி அது.
அந்த எச்சைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பிறகு யாரும் உட்காரவில்லை.
நைஃபில் கே. டூமில் கடைசி பி.
லிஸன் என்ற சொல்லிலேயே
காதில் விழாத ஒரு டி.
ஏரியில் இறால் அள்ளுகிற மாதிரி
ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டினார்கள்.

லிகிதா நோட்டில் அர்த்தம் எழுதினாள்: தெய்யம்.
'தெய்வமா?'
'இல்லடா, பேய்.'
பழவேற்காட்டுத் தண்ணீரில் எங்கேயோ
ஒரு 'வ' விழுந்திருக்க வேண்டும்.
இக்கரையில் கும்பிடுவதை
அக்கரையில் கதவு சாத்திப் பயப்படுகிறார்கள்.

ட்ரிக் ஆர் ட்ரீட்டை விளக்கத் தொடங்கினேன்:
வாசலில் வந்து நிற்பார்கள்,
ஏதாவது கொடுக்க வேண்டும்,
கொடுக்காவிட்டால் தொந்தரவு செய்வார்கள்.
மல்லேசு எழுந்தான்.
'எளாவூர் செக்போஸ்ட்ல எங்கப்பா லாரிய
தினம் இதத்தான் கேக்கறாங்க.'
வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.
எனக்கும்தான்.

கத்தியைத் தமயந்தியிடம் நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
மறந்தே போயிருந்தேன்.
போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை,
சர்வீஸ் ரோட்டில் உடைத்துப் போட்ட திருஷ்டிப் பூசணி,
குங்குமம், சில்லறை, வழவழப்பு;
அவள் அண்ணனின் பைக்.
அவனும் இதே மாடியில் படித்தவன்.
வருகைப் பதிவேடும் அதே நோட்டுதான்,
பின்பக்கத்தில் முப்பத்தோராவது பெயர்.
யாரும் அடிக்கவில்லை, நானும் அடிக்கவில்லை.
கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

நாலு மாதமாக வாய் திறக்காதவள்
அன்றைக்குக் கேட்டாள், ஆங்கிலத்தில்:
'ஹூ வில் க்ளீன் இட், மிஸ்?'

அங்கே, அந்தத் தேசத்தில்,
மறுநாள் காலையில், தெருத்தெருவாய்.
எனக்குத் தெரியவில்லை.
வாக்கியத்தில் திருத்த ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னேன்.
அது ஒரு பதிலா?

முகத்தை அமுதவாணன் வெட்டினான், கோணலாக.
ஒரு கண் ஆந்திராவைப் பார்த்தது.
கரண்ட் போனது. மெழுகுவத்தி வைத்தோம்.
ஜன்னலில் அந்த மஞ்சள் சிரிப்பைக் கண்டு
ஒரு நெல்லூர் லாரி வேகம் குறைத்தது,
ஆரன் அடித்துவிட்டுப் போனது.

எல்லோரும் படி இறங்கிய பிறகு
தமயந்தி தரையில் குந்தி
விதைகளைப் பொறுக்கினாள், நாரையும்,
பெஞ்சுக்கடியில் ஓடிய ஒரு துண்டையும்.
கேள்வித்தாளில் பொட்டலம் கட்டினாள்.
ஈரத்துணி கேட்டாள். கொடுத்தேன்.
தரை காயும்வரை
வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.