இரண்டாம் வேற்றுமை

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பம்.
பெயர் அடிப்பது என் தொழில்.
இந்த வருஷம் ஆடி வரைக்கும்
பதினோரு கவின், ஒன்பது தன்விகா,
ரித்விக்கில் மட்டும் நாலு விதம்.
நியூமராலஜிக்காரர் கொடுத்த ஒரு ஹெச்சை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஒருத்தர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதனால்தான் என் மகளுக்கு
இதுவரை நான் அடித்திராத பெயர்:
தாழை.
மணலில் நிற்கும் முள், நடுவில் வாசனை.
காசிமேட்டில் கடலுக்கு முன்னால் இப்போது
கருங்கல்தான் கொட்டிக் கிடக்கிறது.
பெயரிலாவது ஒன்று முளைக்கட்டுமே என்று.

"மொதல்ல உங்க வாய்க்கு வருமா?"
பிரசவ வார்டிலேயே கேட்டாள் ரெஜினா.
வந்தது.
கண்ணாடி முன் நின்று
நாக்கை மடித்து, மேலே ஒட்டாமல்,
யாரும் அவசரப்படுத்தாவிட்டால்
வந்தது.

தடுப்பூசி அட்டையின் ஆங்கிலத்தைப் படித்து
"தலை! யாரும்மா தலை?" என்றார் நர்ஸ்.
வரிசையே சிரித்தது.
தலை இன்னும் நிற்காத பிள்ளையை
ஏந்திக்கொண்டு முன்னால் போனோம்.
ஆதார் எடுத்த பீகார்ப் பையனுக்கு அவள் தஸாய்,
அன்பாகத்தான் சொன்னான்.
ரெஜினாவின் அண்ணனுக்குத் தாளை.
ஏ-ஃபோரா லீகலா மாப்ளே என்று
என் கடையையும் சேர்த்து இழுப்பான்.
சர்ச்சில் புது ஃபாதர், மார்த்தாண்டத்துக்காரர்,
அவர் ஒருத்தர் வாயில்தான் பூவாகவே வந்தது.
சொல்லிவிட்டு, சரி,
ஞானஸ்நானத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

தெருவுக்கு இந்தக் குழப்பமே இல்லை.
ஒரே நாளில் முடிவு செய்துவிட்டது.
"தாயே, இங்க வா."
இறால் கூடையை இறக்கி வைத்தபடி,
லாரித் தண்ணிக்குக் குடம் நகர்த்தியபடி,
ஒன்றரை வயதுப் பெண்ணைப் பார்த்து
பிச்சை கேட்பதுபோல, சாமி கும்பிடுவதுபோல
தாயே, தாயே.
அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.
நான் திருத்தமாகக் கூப்பிட்டால்தான்
யாரையோ என்று விளையாடிக்கொண்டிருப்பாள்.

போன வியாழன், மழை பிடிப்பதற்கு முன்னால்
பனைமரத்தொட்டியிலிருந்து ஒருத்தி வந்தாள்.
சேலைக்குள் இருபது நாள் குழந்தை.
பேர் என்னம்மா?
"தாயை."
எழுதிக் காட்டுங்க என்றேன்.
பழைய பில்லின் முதுகில் எழுதினாள்:
தா.
ஒரு சங்கிலிக்கொம்பு.
ய.

ஆறாம் வகுப்புக் கரும்பலகை வந்து நின்றது.
ஐ, இரண்டாம் வேற்றுமை உருபு.
தாயை, சரி, அப்புறம்?
தாயைப் பார்த்தான். தாயைத் தேடினான்.
தாயை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு
ஹார்பருக்கு நைட் டூட்டி போனான்.
வினை வராமல் வாக்கியம் நிற்கும்போதே
குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது.

சொல்லியிருக்கலாம்.
இல்லம்மா, அது பூ, வேற எழுத்து என்று.
விரல் அந்தச் சாவியின் மேல்தான் இருந்தது.
எங்கே கேட்டீங்க இந்தப் பேரை என்றேன்.
"உங்க வூட்லதாண்ணா.
நீங்க மாடிலேந்து கூப்புடுவீங்களே,
எங்க சந்து வரிக்கும் கேக்கும்."

நானா?

கேட்டுக் கம்பிக்குள் நுழைந்து வெளியேறி
அவள் ரோட்டுக்கு ஓடும்போது,
முனையில் கன்டெய்னர் லாரி திரும்பும்போது
நாக்கை மடிக்க எவனுக்கு நேரம்?

ய அடித்தேன்.
பிரிண்ட் எடுத்துக் கொடுத்து
பிழை இருந்தால் இப்பவே சொல்லிடுங்க என்றேன்,
அந்தப் பிழையை மட்டும் கொஞ்சம் அழுத்தி.
குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு
எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"அயகா கீதுண்ணா."