ஒற்றைக் காது

கொழும்பிலிருந்து கூடையில் வந்த குட்டியோடு
ஒரு தாளும் வந்தது.
அப்பன் பேர், அப்பனுக்கு அப்பன் பேர்,
தாய்வழியில் நாலு தலைமுறை,
கீழே சிவப்பு முத்திரை.
"விசுவாசம் இதுகளுக்கு ரத்தத்துலேயே இருக்கு, சிவனு.
அல்சேஷன் எஜமானை மாத்தாது"
என்றார் விஜேகோன் தொர.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
என் அப்பனுக்கு அப்பன் பேர்
தோட்டத்துச் செக்றோலில் பாதிதான் இருக்கிறது.
மீதியைக் கரையான் தின்றுவிட்டது.

சீசர் என்று கூப்பிட்டார்கள்.
காலையில் முட்டை, மாலையில் எலும்பு,
மாதத்துக்கு ஒருக்கா
லிந்துலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மிருக வைத்தியர்.
பனி இறங்கும் ராத்திரிகளுக்கு
அதற்கென்று ஒரு கம்பளி.

ஏழாம் வருசம் தொர மாற்றலாகிப் போனார்.
கொழும்பில் மாடிவீடாம், நாய்க்கு இடமில்லையாம்.
ஜீப் மறைந்த வளைவில்
ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தது சீசர்,
மழையில், காது மடலில் அட்டை தொங்க.
"பாத்தியா, சாதி நாய்னா சாதி நாய்தான்"
என்றது லயம்.
மூன்றாம் நாள் புதுத் தொர
சொசேஜ் ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.
எழுந்து போய்த் தின்றது.
வாலும் ஆடியது.
"வெள்ளக்காரச் சாதிதானே, அதுக்கேது நன்றி"
என்றது அதே லயம்.

சாதி என்ற சொல்லை
எங்கள் ஆட்கள் எதற்குத்தான் எடுக்கவில்லை.
பீலித் தண்ணிக்கு எடுத்தார்கள்,
என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தார்கள்,
நாய்க்கு எடுத்தால் யார் கேட்பது.

ஸ்டோருக்குப் பின்னால் மதகுக்கு அடியில்
ஒரே ஈற்றில் பிறந்தவை ரெண்டு.
தகப்பன் யாரென்று கேட்டால்
பொதுவாய் மலையைக் காட்டலாம்.
கறுப்பி, தையல்நாயகியோடு
பெரட்டுக்கும் முன்னால் ஏழாம் நம்பர் மலைக்குப் போகும்,
கூடை இறக்கும்வரை அவள் நிழலை விட்டு நகராது.
செம்பட்டை திருடன்.
எந்த வீட்டில் ரொட்டி வேகிறதோ
அன்றைக்கு அந்த வீட்டு நாய்.

மாசி மாதம், பட்டப்பகல்,
மானாப்புல் விலகிச் சிறுத்தை எழுந்தது.
கறுப்பி அவள் படங்குக்குள் புகுந்து
நின்ற இடத்தில் மூத்திரம் போனது.
எங்கிருந்தோ வந்த செம்பட்டை
நடுவில் நின்று குரைத்தது,
குரல் உடைய உடைய,
சிறுத்தை சலித்துப்போய் ஓடைக்குள் இறங்கும்வரை.

மறுநாள் முழு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள்.
கவ்விக்கொண்டு போய்
கங்காணி வீட்டு வாசலில் வைத்துத் தின்றது.

கறுப்பி இன்றைக்கும் அவள் பின்னால்தான்.
அவளும் அதை ஒரு வார்த்தை திட்டவில்லை.
"பயம் வேற, பாசம் வேற, அண்ணே" என்றாள்,
கொழுந்து நிறுக்கக் காத்திருந்தபோது.
எனக்கு அது முழுசாய்ப் பிடிபடவில்லை.
தராசுக்காரன் கூப்பிட்டான், போய்விட்டாள்.

போன கிழமை புதுத் தொர கேட்டார்:
"இன்னொரு குட்டி எடுக்கப் போறேன்.
டோபர்மேனா, லெப்ரடோரா, எது நன்றியுள்ளது?"
முப்பது வருசம் நாய்க்குச் சோறு வைத்தவன்
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
"குட்டியப் பாத்துத்தான் தொர சொல்லணும்.
பாத்தும் தெரியாமப் போகலாம்."
அவர் சிரித்துவிட்டு
போனில் அடுத்த படத்துக்குப் போனார்.

சீசருக்கு இடுப்பு விழுந்துவிட்டது.
அந்தச் சாதிக்கே இடுப்பு அப்படித்தான் என்றார் வைத்தியர்.
தாளில் அதை எழுதியிருக்கவில்லை.
பங்களாவில் வேண்டாம் என்றதும்
சாக்கில் போட்டு லயத்துக்குத் தூக்கி வந்தேன்.

இப்போது என் இஸ்தோப்பில் படுத்திருக்கிறது.
அடுப்பில் சோறு கொதித்தால்
ஒரு காது உள்ளே திரும்புகிறது.
கீழே வளைவில் எது கியர் மாற்றினாலும்,
அது மரக்கறி லொறியாய் இருந்தாலும்,
மற்றக் காது எழும்புகிறது.
அவர் போய் ஐந்து வருசம்.

"அவரில்லடா" என்கிறேன்.
லொறி மேட்டைத் தாண்டிவிடுகிறது.
காது இறங்கக்
கொஞ்ச நேரம் எடுக்கிறது.