மான் தின்ற தாள்

மூன்று நாள் பயிற்சி. உவர்மலை மண்டபம்.
ஏசி வேலை செய்யவில்லை,
கதவுகளைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
கொழும்பிலிருந்து வந்த திலினி மிஸ்
கவனமான தமிழில்,
காலடியில் கண்ணாடி கிடப்பதுபோல் நடக்கும் தமிழில்,
"இனி இல்லம்தான் கடைசித் தெரிவு" என்றார்.
எழுதிக்கொண்டோம்.
பதினொரு வருடமாக அதைத்தான் எழுதுகிறேன்
மோட்டார் சைக்கிள் டாங்கின் மேல் தாளை வைத்து.

வெருகலுக்கு நான் ஒருத்தி.
சேருவிலவில் ஆளில்லை,
அதையும் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம்.
கிண்ணியாவில் சிபானாவின் மேசையில்
நூற்றிப் பதினேழு கோவைகள்.
பெற்றோல் காசு பன்னிரண்டாம் திகதிவரை ஓடும்.
அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை
பிள்ளைகள் தங்களைத் தாங்களே
பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழு வேலை.
பெரிய தாள், மூன்று நிறத்தில் பேனா.
"ஒரு பிள்ளைக்கு என்ன தேவை?"
பாதுகாப்பு, அன்பு, போசாக்கு, பங்கேற்பு:
வினாத்தாளை முதலே பார்த்தவர்கள் மாதிரி
வேகமாக நிரப்பினோம்.
சிபானா மட்டும் பேனா மூடியைக்
கடித்துக்கொண்டிருந்தாள்.
மிஞ்சிய மூலையில் பிறகு எழுதினாள்:
வருவேன் என்று சொன்ன ஆள்
வருவது.

எனக்கு நிலுக்‌ஷனின் முகம் வந்தது.
பாலையூற்று இல்லத்தில் அவனை விட்டபோது
அடுத்த கிழமை வருவேன் என்றேன்.
போனது நாலு மாதம் கழித்து.
அழவில்லை. கோபிக்கவில்லை.
கேற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"மிஸ், உங்கட சைக்கிள் பழுதா?"

எட்டு வயது.
எனக்காக ஒரு சாட்டை
அவனே செய்து வைத்திருந்தான்.
நான் ஓம் என்றேன்.

தேநீர் இடைவேளையில்
விறாந்தைக் கயிற்றில் கொழுவியிருந்த தாள்களை
மான் ஒன்று வந்து தின்றது.
பஸ் நிலையத்துப் பக்கம் திரியும் புள்ளிமான்,
கொம்பில் ஒரு சிவப்புப் பொலித்தீன் துண்டு.
முதலில் போசாக்கு. பிறகு அன்பு.
எல்லோரும் சிரித்தோம், போனில் படம் எடுத்தோம்.
"இந்த மான்கள் யாருடைய பொறுப்பு?"
திலினி மிஸ் உண்மையிலேயே கேட்டார்.
மண்டபக் காவலாளி பியதிலக
கோப்பைகளை அடுக்கியபடி சொன்னார்:
"நகரசபை சொல்லுது வனசீவராசிக்கு என்று.
வனசீவராசி சொல்லுது நகரசபைக்கு என்று."

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் புதிய படிவம் தந்தார்கள்.
பழையது நாலு பக்கம், இது ஒன்பது.
ஏழாம் பக்கத்தில் பிள்ளையின் சொந்தச் சொல்லுக்கு
ஆறு வரி விட்டிருக்கிறார்கள்.
நல்ல படிவம்தான். பொய் சொல்லக் கூடாது.
முன்பு அந்த இடத்தில்
கிராம உத்தியோகத்தரின் முத்திரை இருந்தது.

குழுப் படத்துக்கு நிற்காமல்
ஆட்டோ பிடித்தேன்.
பார்வையிடும் நாளல்ல.
வோர்டன் புருவத்தை உயர்த்தி, பிறகு இறக்கினார்.

நிலுக்‌ஷனின் காற்சட்டை கட்டையாகிவிட்டது.
சித்தி மங்களேஸ்வரி அவனை எடுக்கத் தயார் என்றேன்.
பாயும் சோறும் பிரச்சினையில்லையாம்,
மூன்று கையெழுத்துத்தான் பாக்கி.
"எப்ப?"
அடுத்த கிழமை
என் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.
விழுங்கினேன்.
"தெரியாது. ஆனா ஒவ்வொரு வெள்ளியும்
வோர்டனுக்குக் கோல் எடுப்பன்.
கையெழுத்து வந்தாலும் சொல்லுவன்,
வராட்டியும் சொல்லுவன்."
யோசித்தான்.
கடையில் மிச்சக் காசு எண்ணுகிறவன் மாதிரி யோசித்தான்.
"அப்ப சரி."

என் பையில் நீட்டிக்கொண்டிருந்த சான்றிதழை
இழுத்து எழுத்துக் கூட்டினான்.
"நீங்களும் படிக்கிறீங்களா மிஸ்?"
"ஓம்."
"பாஸா?"

"இன்னும் திருத்தல்ல."