அழுகைக்கு என்ன செய்வீர்கள்

திருநெல்வேலிச் சந்தியில், என் கடைக் கண்ணாடிக்குக் கீழே
உடைந்த திரைகளோடு மூன்று துண்டுப்பிரசுரங்கள்.
சித்திரை லீவு தொடங்க ஒன்பது நாள்.
கொழும்பில் பன்னிரண்டு நாள், தங்குமிடத்தோடு, நாற்பத்தெட்டாயிரம்.
மட்டக்களப்பில் பத்து நாள், பாய் தலையணை கொண்டுவரவும்.
கொக்குவிலில் மூன்று கிழமை,
புகையிலை மணம் இன்னும் விட்டுப்போகாத
ஒரு பழைய சுருட்டுக் கொட்டிலில்.
அது வெறும் போட்டோக்கொப்பி.
நடிப்பு என்ற சொல்லில் குற்று அழிந்திருந்தது.

தங்கச்சி ஒரு கேள்வியை மட்டும் எழுதித் தந்தாள்:
"மூண்டு பேரிட்டையும் இதைக் கேள் அண்ணா.
அழுகை வராத பிள்ளைக்கு என்ன செய்வியள்?"

மதுராங்கிக்கு
அதிபர் மைக்கைத் தட்டிப் பார்ப்பது வரும்.
ரியூசன் சேரின் செருமல் வரும்.
ஒருநாள் அம்மாவின் குரலில் அவருக்கே போன் எடுத்து
"பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றபோது
அடுப்படியில் நின்ற அம்மா
தான்தான் பேசினேனோ என்று திரும்பிப் பார்த்தா.
ஆனால் வலயப் போட்டியில்
பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நின்று
கண்ணைக் கசக்கினாள், கசக்கினாள்,
மூக்குத்தான் சிவந்தது.
நடுவர் எழுதியது இரண்டு சொல்: அழுகை செயற்கை.
அந்தத் தாளை மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்,
எங்களுக்குத் தெரியாதென்று நினைத்து.

கொழும்பு அக்கா உடனே சொன்னா:
"அதுக்குத் தனிப் பயிற்சி இருக்கு தம்பி,
நாலாம் நாள் எல்லாருமே அழுதிடுவாங்க.
சேர்ட்டிபிக்கேட்டும் தாறோம்."
மட்டக்களப்புக்காரர் சிரித்தார்:
"முதல்ல மத்தளத்துக்குக் கால் வரட்டும் மனே,
கால் கொப்பளிச்சா அழுகை தானா வரும்."
கொக்குவில் இலக்கம் இரண்டு தரம் அறுந்தது.
மூன்றாம் தரம் எடுத்தவர் கனநேரம் பேசவில்லை.
பின்னால் யாரோ ஆணி அறைந்தார்கள்.
"ஏன் அழவேணும்?" என்றார்.
கேட்டுச் சொல்லுறன் என்று வைத்துவிட்டேன்.

அம்மா பயித்தங்காய் முறித்தபடி:
"காசு குடுத்து அழப் பழகிற ஆக்களும் இருக்கினமோ."

சனிக்கிழமை கடையில் உதவிக்கு நின்றாள்.
கிணற்றில் விழுந்த போனோடு ஒரு மனிசி வந்தா.
திறந்தேன், காயவைத்தேன், ஒவ்வொரு முனையாய்த் தொட்டுப் பார்த்தேன்.
"ஒண்டும் எடுக்கேலாது அக்கா. படங்களும்தான்."
"எவ்வளவு தம்பி?"
காசு வேண்டாம் என்றேன்.
கைப்பையின் சிப்பை இழுத்தா, மூடினா.
படிவரைக்கும் போய்த் திரும்பி,
"எவ்வளவு எண்டனீர்?"

அன்றிரவு கரண்ட் இல்லை.
மதுராங்கி ஒரு சவர்க்காரக் கட்டியை ஏந்திக்கொண்டு
மெழுகுதிரிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.
இல்லாத சிப்பை இழுத்தாள். மூடினாள்.
கதவுவரைக்கும் போனாள்.
அந்த இரண்டாவது "எவ்வளவு" வரும்வரை
நான் மூச்சு விடவில்லை.
அம்மா எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்தா.

காலையில் கொக்குவிலுக்கு எடுத்து,
"அழத் தேவையில்லை" என்றேன்.
"அப்ப திங்கள் ஏழரைக்கு வரட்டும்,
ஒரு விளக்குமாறும் கொண்டுவரச் சொல்லுங்கோ."

கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு.
கடை வாடகை இரண்டு மாதம் நிலுவை.
சரியென்று தெரிந்தேனா, மலிவென்று தெரிந்தேனா?
படுக்கையில் இந்தப் பக்கம் புரண்டால் ஒன்று,
அந்தப் பக்கம் புரண்டால் மற்றது.

அவள் "சரி" என்றாள். சைக்கிளுக்குக் காற்றடித்தாள்.
பிறகுதான் பார்த்தேன்:
அவளுடைய கணக்குக் கொப்பிக்குப் புதிய உறை.
வழுவழுத்த கொழும்புத் தாளில்
நீல வெளிச்சத்தில் ஆறு பிள்ளைகள் கைகளை விரித்தபடி.
"நல்ல தடிப்பான தாள் அண்ணா, கிழியாது" என்றாள்.
முகத்தில் ஒன்றுமேயில்லை.
நடிக்கிறாளா என்று
எனக்குச் சொல்லத் தெரியாது.