குப்பி என்ற சொல்

முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லோரும் இறங்கிக் கும்பிட்டார்கள்.
சுகந்தினி கச்சான் சரையொன்று வாங்கிவந்து
கைப்பைக்குள் ஒளித்தாள்.
எனக்கு விரதம்.
சாமிக்கல்ல, ஊசிக்கு.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
ஷிஃபானா டொக்டர் அதை மேசையில் வைத்தார்.
"கெட்டமின். முன்னம் கண்டிருக்கிறீங்களா?"
குப்பி என்று சொல்ல வாயெடுத்தேன்.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை
எவரும் சும்மா சொல்வதில்லை.
"அந்தப் போத்தலைத் தெரியும்" என்றேன்.

பத்தொன்பது வயதில்
ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில்
முதலில் ரோச் பிடித்தேன்,
ஆள் குறையக் குறைய ஊசியும் போட்டேன்.
கரண்ட் இல்லாத இடத்துக்கு ஏற்ற மருந்து.
மூச்சு தன்பாட்டில் ஓடும்,
கண் திறந்தபடி ஆள் போய்விடும்.
ஒருவர் தன் எருமைகளைப் பெயர்சொல்லி அழைத்தார்.
ஒரு பிள்ளை சிரித்தாள்,
வாளிக்குள் அவளுடைய கால் விழுந்த நேரம்.
எத்தனை பேருக்குப் போட்டேன் என்ற கணக்கு இல்லை.
கொப்பி முடிந்துபோனது.

இப்போது என் கணக்கு வேறொருவர் கையெழுத்தில்.
காலைக் குளிசை வென்லாஃபக்சின், அதை விடக்கூடாது.
இரவில் லித்தியம்; அதற்கு இரத்தம் பார்க்கவேணும்,
வெயிலில் வயலுக்குப் போனால்
தண்ணியும் உப்பும் குறையாமல் பார்க்கவேணும்.
பத்து வருடமாய் என்னை நித்திரையாக்கிய
அந்தச் சின்ன மஞ்சள் குளிசை மட்டும்
மெல்ல மெல்லக் குறையும்.
ஊசி திறக்கப் பார்ப்பதை
அது சாத்திவிடக்கூடுமாம்.
சாராயத்துக்கு வந்ததும் டொக்டர் நிமிர்ந்தார்.
சுகந்தினி யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஊசி மட்டும் காணாதோ?"

துருசு திறந்தால் மட்டும் வயல் விளையுமா
என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.
பேருவளைக்காரி, குளம் பழக்கமில்லை.
"காணாது" என்றார்.
வாய்க்கால் துப்புரவாக்காமல் துருசைத் திறந்த ஒருவனை
எனக்குத் தெரியும்.
தண்ணீர் நேரே அவன் அடுப்படிக்குள் வந்தது.

நாற்பது நிமிடம்.
கையில் பிரஷர் பட்டி இறுக்கி இறுக்கித் தளர்ந்தது.
பிறகு அந்தக் கை என்னுடையதில்லை.
கூரைக் காற்றாடி
தன் வட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது.
எருமைகள் வந்தன.
சேறு காயாத முதுகுகள்.
வாளியில் வாய்வைத்துக் குடித்தன.
வாளிக்குள் தண்ணீர்தான் இருந்தது,
நான் எட்டிப் பார்த்தேன்,
தண்ணீர்தான்.
அந்தப் பிள்ளை வரவில்லை.

மறுநாள் காலை எமில்டா மிஸ் வந்தார்.
ஊசிக்கு அடுத்த நாள்தான் கதைக்கவேணுமாம்,
ஈரம் காயமுதல்.
பிள்ளையைப் பற்றிக் கேட்பார் என்று
பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.
"எருமைகளுக்கு என்ன பெயர்?" என்றார்.

கறுவல்.
நெட்டைச்சி.
மூன்றாவது வரவில்லை.
பதினைந்து வருடத்தில்
அந்த அறையிலிருந்து நான் வெளியே கொண்டுவந்தவை
இந்த இரண்டு பெயர்கள்தான்.
அவர் அவற்றை எழுதினார்,
இரண்டும் சரியா என்று வாசித்துக் காட்டினார்.
"மற்றது கிடக்கட்டும்.
இன்னும் ஐந்து ஊசி இருக்கு,
அதுக்குப் பிறகும் நான் வருவன்."

ஒரு கிழமைக்கு எப்படி இருக்கும் தெரியாது.
டொக்டரும் தெரியும் என்று சொல்லவில்லை.

திரும்பும் பஸ்சில்
சுகந்தினி சரையைப் பிரித்தாள்.
ஒரு இரவில் கச்சான் இளகிப்போயிருந்தது.
நான் கோது உடைக்க உடைக்க
அவள் எண்ணிக்கொண்டு வந்தாள், எனக்குக் கேளாமல்.
ஒன்று சொத்தை.
துப்பினேன்.
மற்றதெல்லாம் கச்சான்.