நானூறு மீட்டர்

இரண்டாம் சனிக்கிழமை, வாசகசாலை மாடி.
நாற்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தேன்.
பதினேழு நிரம்பியது,
அதில் இரண்டில் குடைகள்.

திருச்சூரிலிருந்து உண்ணிமாயா டீச்சர் வந்திருந்தார்.
திரையில் ஒரு மரச்சன்னல்.
நூற்றிருபது வயது என்றார் மலையாளத்தில்.
எத்தனை, என்று யாரோ தமிழில் கேட்டார்கள்.
கரண்ட் போனது. சன்னலும் போனது.
கைப்பேசி வெளிச்சத்தில் மீதியைச் சொன்னார்:
எது இல்லாவிட்டால் இந்த ஊர் இந்த ஊராக இருக்காதோ
அதை ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள்.

தாள்களைப் பிரித்தவன் நான்.
சந்தைப்பேட்டைக் கிணறு, ஆறு பேர்.
பள்ளிவாசல் படிக்கட்டு, ராவுத்தர் தெருக்காரர்கள் நாலு பேர்.
ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடம், மூன்று.
ஒருவர் தன் வீட்டையே எழுதியிருந்தார்
கதவு எண்ணோடு,
பட்டா யார் பேரில் என்பதோடு.
கடைசித் தாளில், பென்சிலில்:
லாரி நிக்கற இடம்.

யார் இது?
மயிலாத்தாள் கை தூக்கவில்லை, எழுந்தே நின்றாள்.
அவித்த கடலை விற்றவள்.
செக்போஸ்டை எடுத்த அன்று
கூடையைக் கவிழ்த்து வைத்தவள்.

அந்தத் தகரக் கொட்டகையா, என்றார் செயலாளர்,
அது போய்த் தொலைந்ததே புண்ணியம்.

"கொட்டாய் எக்கேடோ கெடட்டுங்க.
நாஞ் சொல்றது
அதுக்குப் பொறத்தால நின்ன வரிசைங்க."

டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
வரைபடத்தில் கிணற்றுக்கு வட்டம் உண்டு,
கோயிலுக்கு முக்கோணம்.
காத்துக் கிடந்ததற்கு என்ன போடுவது?

வெயில் தாழ எல்லைச் சாலைக்குப் போனோம்.
டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன்,
மறுமுனையைப் பீர்முகமது.
மயிலாத்தாள் முன்னால் நடந்தாள்.

இங்க ஒரு தக்காளி லாரி, மூணு நாள்.
அழுகறதுக்குள்ள அள்ளிக்கங்கன்னு டிரைவரே சொல்லிப்போட்டான்.
அந்த வாரம் ஊரே ரசந்தானுங்க.

இந்த மைல்கல் மேல உக்காந்துதான்
கோலார்க்காரன் ஒருத்தன் மக பொறந்த சேதி கேட்டான்.
நூறு ரூவாய்க்கும் கடலை வாங்கி
வரிசை பூராக் குடுத்தான்.

இங்க...
என்று ஓரிடத்தில் நின்றாள்.
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள்.
டீச்சர் அங்கேயும் ஒரு புள்ளி வைத்தார்.

நானூறு மீட்டர், பதினெட்டு சென்டிமீட்டர்.
ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை;
புதுத் தார் போட்டு இரண்டு வருஷம்.

தீர்மானப் புத்தகம் என் கையில்.
கிணற்றுக்குக் கம்பிவலை: நிறைவேறியது.
அடுத்த வரியில் பேனா ஓடவில்லை.
தலையைத் தூக்கினேன்.
பதினைந்து பேரும்
மயிலாத்தாளுக்குப் பின்னால், சாலை ஓரமாய்,
ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கமிருந்து
கோழிக் கூண்டுகள் ஏற்றிய வண்டி
வேகம் குறைக்காமல் தாண்டியது.
கிளீனர் பையன் தலையை வெளியே நீட்டி,
என்னத்துக்கு, என்று
கையை விரித்துக் கேட்டுக்கொண்டே போனான்.